மச்சான் கொண்டுவந்த போர்க்கை வெட்டின கதை

நான் சைக்கிள் மெக்கானிக் இல்லை. நில அளவைப் படம் வரைவது என் தொழில். பகல் முழுக்கக் கோடு போடுகிறவன், வெட்டுகிறவன் இல்லை. ஆனாலும் போன பங்குனியில் ஒரு சனிக்கிழமை கையில் ஹக்சோவைப் பிடித்துக்கொண்டு, கனடாவில் இருந்து வந்த ஒரு புதுப் போர்க்கின், அதாவது சைக்கிளின் முன் சில்லைப் பிடிக்கும் கவையின், கழுத்தை வெட்டினேன். வெட்டுவதற்கு முன் மூன்று தேத்தண்ணீர் குடித்தேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

சைக்கிள் என்னிடம் வந்தது 2022 ஆடி மாதம். பெற்றோல் வரிசையில் மோட்டார்சைக்கிளோடு இரண்டு இரவு கிடந்து, மூன்றாம் நாள் வெறும் தாங்கியோடு உருட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது எடுத்த முடிவு அது. ஜப்பானில் பாவித்துக் கழித்து இங்கே வந்து இறங்கும் சைக்கிள்களில் ஒன்று. அலுமினிய உடம்பு, இரும்புப் போர்க், நேரான ஹாண்டில். 55 ஆயிரம் ரூபா சொன்னார்கள், கொடுத்தேன். அந்த மாதத்தில் யாரும் விலை பேசவில்லை, சைக்கிள் கிடைத்ததே பெரிய காரியம். அலஸ்தோட்டத்தில் இருந்து திருகோணமலை ரவுனுக்கு நாலைந்து கிலோமீற்றர்தானே. பெற்றோல் திரும்பி வந்த பிறகும் நான் மோட்டார்சைக்கிளுக்குத் திரும்பவில்லை.

எங்கள் வீட்டுக்கும் கடலுக்கும் இடையில் இரண்டே ஒழுங்கை. வாடை தொடங்கினால் யன்னல் கம்பியில் விரலை வைத்து நக்கிப் பார்த்தால் உப்புக் கரிக்கும். அந்தக் காற்றில்தான் சைக்கிளும் நின்றது. இரண்டு மாரி பொறுத்தது. மூன்றாம் மாரியில் முன் பிரேக்கைப் பிடிக்கும் நேரமெல்லாம் ஹாண்டிலுக்குக் கீழே 'டொக்' என்று ஒரு சத்தம். வேகத்தடையில் ஏறினால் 'டொக்', இறங்கினால் 'டொக்'.

ரவுனில் ஒரு கடையில் காட்டினேன். பொடியன், ஹாண்டிலைக் கழுத்தோடு பிடிக்கும் ஸ்டெம்முக்கு மேலே இருக்கும் மூடியின் ஆணியில் அலன் கீயைப் போட்டு ஒரு இறுக்கு இறுக்கினான். சத்தம் நின்றது, ஆனால் ஹாண்டில் பிசுபிசு என்று கனத்தது. நாலு நாளில் மறுபடி 'டொக்'. மறுபடி போனேன், மறுபடி இறுக்கினான். மூன்றாவது முறை இறுக்கும்போது ஆணி சுற்றிக்கொண்டே போனது, முடிவே இல்லை. கழுத்துக் குழாய்க்குள்ளே அந்த ஆணியைப் பிடித்திருந்த ஸ்டார் நட் இழுபட்டு மேலே வந்துவிட்டது என்று பிறகுதான் விளங்கியது. அந்தப் பொடியனில் பிழை சொல்ல எனக்கு முழு மனம் இல்லை. அவன் ஒரு முறைகூட ஸ்டெம்மின் பக்க ஆணிகளைத் தளர்த்தவில்லை. அதுதான் முழுப் பிழையும். ஆனால் அன்றைக்கு எனக்கும் அது தெரியாது.

வீட்டில் கழற்றிப் பார்த்தேன். கழுத்தின் கீழ்க் கப்பில் இருந்து கோப்பி நிறத்தில் தண்ணீர் ஒழுகியது. கழுத்து சுழல உதவும் இரும்புக் குண்டுகள், அதாவது போல்ஸ், அடைத்திருந்த கூடு மூன்று துண்டு. அதை மாற்றலாம், பெரிய செலவில்லை. கவலை தந்தது வேறு. போர்க்கின் கழுத்துக் குழாய், அதாவது ஸ்டீரர், கீழே இரண்டு காலும் பிரியும் தோளோடு சேரும் இடத்துக்குச் சற்று மேலே துரு தின்று குழி விழுந்திருந்தது. நகத்தை வைத்து இழுத்தால் நகம் மாட்டியது. பிரேக் பிடிக்கும்போது முழுப் பாரமும் வளைக்கப் பார்ப்பது சரியாக அந்த இடத்தைத்தான். அங்கே வெடிப்பு விட்டால் முன் சில்லு தனியாகவும் நான் தனியாகவும் போவோம். போர்க்கை மாற்றத்தான் வேண்டும்.

மச்சான் ரொறன்ரோவில் இருந்து ஊருக்கு வரும்போது போர்க்கும் ஹெட்செட்டும், அதாவது கழுத்துக்கான கப், போல்ஸ் செட்டும், கொண்டு வந்தார். சூட்கேசில் குறுக்காக வைத்து, உடுப்புகளால் சுற்றி. "இது ஒண்டுக்காக அக்காவிட சொக்லேட் ரெண்டு கிலோவ எடுத்து வெளிய வச்சனான், பிழைக்கவிட்டிராத" என்று சொல்லித்தான் தந்தார். வெட்டாத போர்க். கழுத்து 300 மில்லிமீற்றர். எல்லாச் சைக்கிளுக்கும் பொருந்த வேண்டும் என்று நீளமாகச் செய்து அனுப்புவார்கள், வாங்குகிறவன் தன் அளவுக்கு வெட்டிக்கொள்ள வேண்டும். ஒன்றுதான் இருக்கிறது. குட்டையாக வெட்டிவிட்டால் அடுத்த ஆள் ஊருக்கு வரும் வரைக்கும் நடைதான்.

மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் கிண்ணியாக்கார நானா ஒருவர் சைக்கிள் திருத்துகிறார். பாலம் வருவதற்கு முன், 2009 வரைக்கும், காலையில் பாதைப் படகில் தன் றலிச் சைக்கிளை ஏற்றிக்கொண்டு தண்ணீரைக் கடந்து வந்து கடை திறந்தவர். அவரிடம் நல்ல கனமான வைஸ் ஒன்று உண்டு. அதற்காகத்தான் போனேன்.

போர்க்கைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்ன தம்பி இது, மரையே இல்லயே. நட்ட எங்க போடுறது?"

"இதுக்கு நட் இல்ல நானா. ஸ்டெம்தான் பிடிக்கும்."

"ஸ்டெம் பிடிச்சா கழுத்து ஆடாதா?"

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு அரை மணித்தியாலம் பிடித்தது. அவர் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. அவர் வாழ்நாள் முழுக்கத் திருத்தியது மரை போட்ட கழுத்துகளை. அதில் ஒரு கோனைக் கையால் திருகி போல்ஸுக்கு அளவாக வைத்து, மேலே லொக் நட்டைப் போட்டு இரண்டையும் ஒன்றோடு ஒன்று இறுக்கிவிட்டால் முடிந்தது. அவரிடம் ஒரு பால்மா ரின் நிறைய றலி நட்டுகள். பழைய றலிக்கு அங்குலத்துக்கு 26 மரை, மற்றச் சைக்கிள்களில் பெரும்பாலானதுக்கு 24. ஒன்றின் நட் மற்றதில் இரண்டு சுற்று ஏறும், பிறகு மரையைத் தின்னும். அதனால் அந்த ரின்னை அவர் யாருக்கும் கொடுக்க மாட்டார். மரையில்லாத கழுத்து 1990களின் தொடக்கத்தில் வந்தது. ஜான் ரேடர் என்ற அமெரிக்கர் கண்டுபிடித்ததை டயா-கொம்பே கம்பனிக்காரர் செய்து விற்றார்கள். நானாவின் கடைக்கு அது வந்துசேர முப்பது வருடம் எடுத்திருக்கிறது, அதுவும் என் சூட்கேஸ் மச்சான் வழியாக.

கப்புகளைச் சைக்கிள் உடம்பின் முன் குழாயான ஹெட் ரியூபுக்குள் ஏற்றியதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஹாட்வெயாரில் மரை போட்ட நீளக் கம்பி ஒன்று, இரண்டு நட், நாலு தடித்த வாஷர். கம்பியை நடுவில் விட்டு இரண்டு பக்கமும் வாஷர் வைத்து மெல்ல மெல்ல இறுக்க, கப்புகள் நேராக உள்ளே போய் உட்கார்ந்தன. சுத்தியலால் அடித்து ஏற்றினால் சரிந்து போகும், வேண்டாம்.

இனி அளவு. இதில்தான் என் தொழில் கொஞ்சம் உதவியது, கொஞ்சம் கெடுத்தது. ஸ்டீரரின் நீளத்தைத் தோளில், கீழ்ப் போல்ஸைத் தாங்கும் வளையம் உட்காரும் இடத்தில் இருந்து அளக்க வேண்டும். கடதாசியில் கணக்குப் போட்டேன். கீழ்க் கப்பும் வளையமும் சேர்ந்து 12, ஹெட் ரியூப் 140, மேல்க் கப்பும் மூடுதட்டும் 16, ஸ்டெம்முக்குக் கீழே இடம் நிரப்பும் ஸ்பேசர்கள் 25, ஸ்டெம் 40. மொத்தம் 233. இதில் 3 கழிக்க வேண்டும்.

அந்த 3 மில்லி ஏன் என்றுதான் நானாவும் கேட்டார். மேலே உள்ள மூடி ஸ்டெம்மை அழுத்துகிறது, ஸ்டெம் ஸ்பேசரை, ஸ்பேசர் மூடுதட்டை, அது போல்ஸை. அதே ஆணி கீழே ஸ்டார் நட்டைப் பிடித்துக் குழாயை மேலே இழுக்கிறது. இப்படி நெருக்கித்தான் ஆட்டம் போகிறது. குழாய் ஸ்டெம்மின் வாய் வரைக்கும் வந்து நின்றால் மூடி குழாயிலேயே முட்டி நின்றுவிடும். ஆணியை எவ்வளவு இறுக்கினாலும் குழாயும் மூடியும்தான் சண்டை பிடிக்கும், போல்ஸுக்கு ஒரு செய்தியும் போகாது. அதற்காகத்தான் குழாய் 3 மில்லி உள்ளே பதிந்திருக்க வேண்டும். கூடப் பதிந்தால் வேறு ஆபத்து, ஸ்டெம்மின் மேல் ஆணி பிடிக்க அங்கே குழாய் இருக்காது. வெறும் காற்றைப் பிடிக்கும்.

230 என்று கடதாசியில் எழுதிக் கீழே இரண்டு கோடும் போட்டுவிட்டேன். அப்போதுதான் அம்மாவின் ஞாபகம் வந்தது. அம்மா தையல்காரி. தை மாதம் வந்தால் எங்கள் விறாந்தையில் வெள்ளைச் சீருடைத் துணிதான் மலைபோல் கிடக்கும். சட்டைக்குக் கழுத்து வெட்டும்போது எப்போதும் கொஞ்சம் சின்னதாகத்தான் வெட்டுவா. "கழுத்தப் பெரிசாக்கலாம், சின்னதாக்க ஏலாது" என்று பக்கத்தில் பழக வந்த பிள்ளைகளுக்குச் சொல்லுவா. இதுவும் கழுத்துத்தானே. ஸ்டெம்முக்கு மேலேயும் ஒரு 10 மில்லி ஸ்பேசர் வைத்துக்கொள்வது என்று முடிவெடுத்தேன். பார்க்க அவ்வளவு வடிவில்லை, நடுமண்டையில் குடுமி மாதிரித்தான். பரவாயில்லை. 230ஐ வெட்டி 240 என்று எழுதினேன்.

கணக்கை நம்பி மட்டும் வெட்டக் கூடாது என்று, எல்லாவற்றையும் கிறீஸ் இல்லாமல் ஒருமுறை பூட்டிப் பார்த்தோம். மேல் ஸ்பேசரின் விளிம்பில் குழாயைச் சுற்றிக் கறுப்புப் பேனையால் கோடு. கழற்றி அளந்தால் 245. என் கணக்கில் வர வேண்டியது 233ஓடு மேல் ஸ்பேசர் 10, ஆக 243. முதலில் கணக்கைத்தான் சந்தேகித்தேன். மூன்று தரம் கூட்டினேன், 243 தான். நானா ஒன்றும் சொல்லாமல் போர்க்கைத் தூக்கிக் கண்ணுக்கு நேரே வெளிச்சத்தில் பிடித்தார். தோளில் இருக்கும் வளையத்துக்கும் தோளுக்கும் நடுவில் மெல்லிய வெளிச்சக் கோடு. வளையம் முழுதாக உட்காரவில்லை.

"கணக்கு சரி தம்பி. சாமான்தான் பிழை."

தன்னிடம் கிடந்த ஒரு குழாய்த் துண்டை எடுத்து ஸ்டீரருக்கு மேலால் மாட்டினார். எந்தக் காலத்து எந்த வாகனத்தின் குழாயோ, வளையத்தில் அளவாகப் போய் நின்றது. சுத்தியலால் நாலு அடி. முதல் மூன்றும் 'டங் டங்' என்று கேட்டது, நாலாவது 'டப்' என்று செத்த சத்தம். "இருந்திட்டு" என்றார். பிறகு அளந்தால் 243.

அந்த வளையத்தைக் கவனிக்காமல் பேனைக் கோட்டில் இருந்து 3 மில்லி விட்டு வெட்டியிருந்தால், ஓட ஓட வளையம் இறங்கி, உள்ளே பதிய வேண்டிய 3 மில்லியில் ஒன்றுதான் மிஞ்சியிருக்கும். மூடியின் உள் விளிம்பு குழாயில் முட்டத் தொடங்கியிருக்கும். மறுபடி அதே 'டொக்'. நான் மறுபடி அந்தப் பொடியனிடம் போய் நின்றிருப்பேன்.

வெட்டுக்கோடு நேராக விழுவதற்கு ஒரு சின்ன வித்தை. படம் வரையும் தடித்த கடதாசியில் நேர் விளிம்புள்ள ஒரு பட்டியை வெட்டிக் குழாயைச் சுற்றினேன். பட்டியின் விளிம்பு தன்மேல் தானே சரியாகப் பொருந்தினால் அது குழாய்க்கு நேர் குறுக்கு. சரிந்திருந்தால் விளிம்பு படி மாதிரி விலகி நிற்கும். அந்த விளிம்பில் கோடு போட்டு, கோட்டுக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு ஹோஸ் கிளிப்பை இறுக்கினோம். நடுவில் வாள் அலகு நுழைய மட்டும் இடம். அந்தத் தண்டவாளத்துக்குள் வாள் எங்கே போகப் பார்த்தாலும் போக முடியாது.

வைஸின் வாய்க்குப் பழைய ரியூப் துண்டை மடித்து வைத்தோம். குழாயை நேரே வைஸில் கடிக்கவிட்டால் நசிந்து முட்டை வடிவமாகும், பிறகு ஸ்டெம் ஏறாது. அலகு அங்குலத்துக்கு 32 பல். பல் முன்பக்கம் பார்க்க வேண்டும், தள்ளும்போது வெட்டும், இழுக்கும்போது சும்மா வரும். ஒரு சொட்டு எண்ணெய். முதல் பத்துத் தள்ளல் நான் தள்ளினேன். நானா பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இரும்ப அறுக்கேக்க கோவிக்கக் கூடாது" என்றார். அழுத்தத்தைக் குறைத்து முழு அலகையும் நீட்டித் தள்ளினேன். சத்தம் மாறியது. பத்து நிமிசத்தில் 60 மில்லித் துண்டு கீழே விழுந்து உருண்டு போய்ச் சாக்கடை ஓரத்தில் நின்றது. அவ்வளவுதான். மூன்று மாதமாகப் பயந்தது பத்து நிமிசத்தில் முடிந்தது.

வெட்டின வாயில் வெளியே தட்டை அரம், உள்ளே வட்ட அரம். உள்ளுக்குள் நிற்கும் பிசிறை விட்டால் ஸ்டார் நட் சரியும், வெளியே நிற்கும் பிசிறு ஸ்டெம்மைக் கீறும். இரும்புத் தூளைத் துணியால் துடைத்து, பிறகு வாயால் ஊதி, பிறகு மறுபடி துடைத்தேன். இந்தத் தூள் போல்ஸுக்குள் போனால் நான் பட்ட பாடு எல்லாம் வீண். (உங்கள் போர்க் கார்பன் கழுத்து என்றால் இந்த இடத்தில் நின்றுவிடுங்கள். அதற்கு அலகு வேறு, தூசியை மூச்சில் எடுக்கக் கூடாது, ஸ்டார் நட் போடவே கூடாது. உள்ளே விரியும் பிளக் ஒன்றைத்தான் பாவிப்பார்கள்.)

ஸ்டார் நட்டை இறக்குவதில்தான் எனக்குக் கை நடுங்கியது. இரண்டு அடுக்குப் பூ மாதிரி இருக்கும். இதழ்கள் மேலே பார்க்க வேண்டும், அப்போதுதான் இழுக்கும்போது குழாயின் சுவரைக் கடிக்கும். நீளமான ஆணியை அதில் திருகி, ஆணியின் தலையில் அடித்தேன். முதல் அடியே சரிந்துவிட்டது. நானா ஆணியை மறுபக்கம் சாய்த்துப் பிடிக்க, இரண்டாவது அடியில் நேரானது. குழாயின் வாயில் இருந்து 15 மில்லி கீழே போனதும் நிறுத்தினோம்.

கிறீஸ் கொஞ்சமாகப் போடவில்லை. வள்ளக்காரர் எஞ்சினுக்குப் பாவிக்கும் கிறீஸை ஒரு கூட்டாளியிடம் அரை ரின் வாங்கியிருந்தேன், உப்புத் தண்ணீருக்கு அசையாது. கீழ்க் கப்பை அதால் நிரப்பி, வளையத்திலும் பூசி, வெளியே பிதுங்கியதைத் துடைத்துவிட்டேன்.

கடைசியாக நானாவுக்கு நான் காட்ட ஆசைப்பட்ட பகுதி. எல்லாவற்றையும் பூட்டி, ஸ்டெம்மின் பக்க ஆணி இரண்டையும் தளர்வாகவே விட்டேன். மேல் மூடியின் ஆணியைக் கால் சுற்றுக் கால் சுற்றாகத் திருப்பினேன். ஒவ்வொரு காலுக்கும் முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னும் பின்னும் ஆட்டிப் பார்க்க வேண்டும். ஒரு கையின் விரல்களைக் கீழ்க் கப்பும் போர்க்கின் தோளும் சேரும் இடத்தில் வைத்தால், கண்ணுக்குத் தெரியாத ஆட்டமும் விரலுக்குத் தெரியும். இதில் ஒரு ஏமாற்று உண்டு. பிரேக் கட்டை ஆடினாலும் அதே 'டொக்' வரும். ஹாண்டிலைப் பக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டு ஆட்டினால் எது ஆடுகிறது என்று பிரித்துவிடலாம்.

மூன்றாவது காலில் ஆட்டம் போனது. பிறகு முன் சில்லைத் தூக்கிப் பிடித்தேன். ஹாண்டில் தன் பாரத்தில் தானே ஒரு பக்கம் சாய்ந்து விழுந்தது, எங்கும் தடக்கவில்லை. நடுவில் ஒரு இடத்தில் 'கிளுக்' என்று நின்று போனால் போல்ஸ் பதிந்து குழி விட்டுவிட்டது என்று அர்த்தம். சில்லுக்கு நேரே ஸ்டெம்மைப் பார்த்து வைத்து, பக்க ஆணிகளை மாறி மாறி இறுக்கினேன். ஸ்டெம்மில் 5 நியூட்டன் மீற்றர் என்று எழுதியிருக்கிறது. அளந்து இறுக்கும் ஸ்பனர் எங்கள் இருவரிடமும் இல்லை. அலன் கீயின் நீளக் காலைப் பிடிக்காமல் குட்டைக் காலைப் பிடித்து இறுக்கினேன், கைக்கு மிஞ்சிப் போகாது.

அதற்குப் பிறகு மூடியையும் அதன் ஆணியையும் முழுதாகக் கழற்றி நானாவின் கையில் கொடுத்தேன்.

"இப்ப ஆட்டிப் பாருங்க நானா."

ஆட்டினார். ஒன்றும் ஆடவில்லை. ஹாண்டிலைத் தூக்கிப் பார்த்தார். குனிந்து கீழே பார்த்தார்.

"அப்ப இந்த மூடி என்னத்துக்கு?"

"இறுக்கிற மட்டும்தான் வேலை. பிறகு பிடிக்கிறது ஸ்டெம்தான்."

"அப்ப பொடியன் மூன்று தரம் இறுக்கினது?"

"ஸ்டெம் பிடிச்ச பிடியோட சண்ட பிடிச்சிருக்கிறான்."

ஓடிப் பார்க்கக் கோட்டைக்குள்ளால் கோணேசர் கோவில் ஏற்றத்துக்குப் போனேன். இறக்கத்தில் வேண்டுமென்றே முன் பிரேக்கை மட்டும் பிடித்துக்கொண்டு வந்தேன். பாதி வழியில் மான் ஒன்று றோட்டு நடுவில் நின்று யோசித்துக்கொண்டிருந்தது. அதற்காகப் பிடித்த பிரேக்தான் உண்மையான சோதனை. சத்தம் இல்லை. மான் அசையவில்லை, நான்தான் சுற்றிக்கொண்டு போனேன்.

ஒரு கிழமை கழித்து மெல்லிய 'டொக்' ஒன்று வந்தது. பயப்படவில்லை. புதுக் கப்புகள் இருக்கை பிடிக்கும்போது கொஞ்சம் தளர்வது வழக்கம். பக்க ஆணிகளைத் தளர்த்தி, மேல் ஆணியை ஒரு மயிரிழை திருப்பி, மறுபடி பக்க ஆணிகளை இறுக்கினேன். அதற்குப் பிறகு இன்றுவரை இல்லை.

வைகாசியில் முதுகு நோகத் தொடங்கியது. ஹாண்டில் கொஞ்சம் தாழ்வு. ஸ்டெம்முக்கு மேலே நின்ற 10 மில்லி ஸ்பேசரைக் கழற்றி, அதற்குப் பதில் மேலே ஐந்து, கீழே ஐந்து என்று இரண்டு சின்ன ஸ்பேசர் போட்டேன். நோ போய்விட்டது. மேலே இன்னும் 5 மில்லிக் குடுமி நிற்கிறது. அம்மா விறாந்தையில் இருந்து பார்த்துவிட்டு, "அது என்ன, தலைக்கு மேல தனிய ஒரு வளையம்?" என்று கேட்டா. கழுத்தில் விட்ட மிச்சம் என்றேன்.

வெட்டி விழுந்த 60 மில்லித் துண்டு நானாவின் கடையில்தான் இருக்கிறது. றலி நட் ரின்னுக்குள் போட்டு வைத்திருக்கிறார்.